சர்ச் ஊழியர்களுக்கு நல்ல பணிச்சூழல் என்றால் என்ன?

போதகர், உபதேசியார் (போதகருக்குத் துணையாக இருக்கும் ஊழியர்), ஆபீஸ் கிளார்க், கோயில்குட்டி (சர்ச்சைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்பவர்) என்று சபையில் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குத் தங்கள் வேலை எது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், என்றைக்கு லீவு என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், குறையைப் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அவ்வளவுதான்.

இது சர்ச்சில் ஏன் சிக்கலாகிறது? சம்பளம் போடுவது கமிட்டி, ஆனால் காணிக்கை போடும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முதலாளி. ஞாயிறு விடியுமுன் கதவு திறந்து, நாற்காலி போட்டு, மைக் சரிபார்த்து, மணி அடித்து, ராத்திரி பூட்டிவிட்டுப் போகிற கோயில்குட்டி, திங்கள் காலையில் ஒரு அடக்க ஆராதனை என்றால் மறுபடி வந்து நிற்பார், யாரும் அதை வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்காமலே ஓடியாடுவார்கள், ஒருநாள் கூத்து, சரி. அதையே வருஷம் முழுக்க ஒருவரிடம் எதிர்பார்த்தால் எப்படி?

திங்கள் லீவு என்று எழுத்தில் கொடுத்து, அன்றைக்கு அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். உத்தரவு ஒருவர் வழியாகவே போகட்டும். (எல்லா வழக்கையும் தனியாளாகச் சுமந்த மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்னதும் வேலையைப் பிரித்துக் கொடு என்றுதான், யாத்திராகமம் 18.) அப்புறம், இந்தியாவில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம்.

சம்பளமும் லீவும் கேட்பவருக்கு விசுவாசம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்று 1 தீமோத்தேயு 5:18 சொல்வதே சபை மூப்பர்களைப் பற்றிப் பேசும்போதுதான்.