அம்பாசடரில் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது என்றால் என்ன?

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிப்யூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடிக்குள் இருக்கும் ஒரு குட்டி சுவிட்ச். அது திறக்கும் நொடியில் காயிலில் (மின்னழுத்தத்தை உயர்த்தும் கம்பிச்சுருள்) ஓடும் மின்சாரம் அறுபடும்; அந்த அறுபடலில்தான் பிளக்கில் பொறி பிறக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால், நிமிடத்துக்கு 6000 முறை அது திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் கருகும், அதைத் திறக்கவைக்கும் சுழல் தண்டின் மேட்டில் (கேம்) உரசும் கட்டை தேயும். முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி மாறியதும் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) நழுவும். கழற்றிப் பார்த்தால் ஒரு முனையில் பள்ளமும் மறுமுனையில் சின்ன மேடும் தெரியும்.

எலக்ட்ரானிக் கிட்டில் காந்த வளையமும் சென்சாரும் அந்த வேலையைத் தொடாமலே செய்கின்றன. திருகுக் குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டும். கை நீட்டினால் தண்ணீர் வரும் குழாயில் தேய அந்த வாஷர் இல்லை. அதே வித்தியாசம்தான்.

வாங்குமுன் வண்டி பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது) என்று கட்டாயம் பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் கிட்டின் எலக்ட்ரானிக் பாகமான மாட்யூல் போய்விடும். பழைய பாயிண்ட் செட்டைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள். வழியில் மாட்யூல் செத்தால் அதுதான் வீடு சேர்க்கும்.

இதைப் போட்டால் இன்ஜின் பவர் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், தேய்ந்த பாயிண்டால் இழந்தது மட்டுமே திரும்பி வரும்.