விமானக் கிட்டுக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஷீட் மெட்டல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். மகன் அமெரிக்காவில் போர்ட்லாண்டில் இருக்கிறான். அங்கே பக்கத்தில் வான்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற கம்பெனி, விமானத்தை உதிரிபாகமாக விற்கிறதாம். வாங்கி வீட்டு கராஜிலேயே பூட்டலாமாம். "நீயும் வாப்பா, சேர்ந்து செய்யலாம்" என்று என் செட்டில்மென்ட் பணத்தில் கொஞ்சம் கேட்கிறான். அது திவாலான கம்பெனி என்கிறாள் மருமகள். பணம் தரலாமா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: மருமகள் சொல்வது பாதி சரி. 2023 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது உண்மை. ஆனால் அது கடையைச் சாத்துகிற மனு இல்லை, கோர்ட் பாதுகாப்பில் கடனைச் சீர்செய்துகொண்டு தொழிலைத் தொடர்கிற வகை. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் என்பவர் எழுபதுகளில் தொடங்கிய கம்பெனி; அவர்களுடைய விமானங்களில் 11,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. டுபாக்கூர் இல்லை.

என்ன ஆனது என்றால், கொரோனா காலத்தில் ஆர்டர் குவிந்தது. வேகமாக முடிக்க, தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளுக்கான துளைகளைப் பஞ்ச் செய்யாமல் லேசரில் வெட்டினார்கள். ரிவெட் தலை பதிய துளை விளிம்பை டிம்பிள் செய்தபோது, அதாவது குழிவாக அழுத்தியபோது, சில தகடுகளில் விரிசல் விட்டது. தகட்டோடு காலம் கழித்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மாற்றுப் பாகம் தரும் செலவும், கட்டுப்படியாகாத பழைய விலைக்கு எடுத்த ஆர்டர்களும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன.

அட்வான்ஸ் கட்டியவர்களிடம் சராசரியாக 32 சதவீதம் கூடுதல் விலை கேட்கப்பட்டது. ஒப்புக்கொண்டவர்களுக்குக் கட்டிய பணம் கணக்கில் வரவானது. மறுத்தவர்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். தீபாவளிச் சீட்டு பிடிப்பவர் கைவிரித்தால் நம் தெருவில் என்ன நடக்குமோ அதுதான், அங்கே வக்கீல் வைத்து நடந்தது. அட்வான்ஸ் கட்டிவிட்டால் பொருள் நம்முடையது என்று நினைக்கிறோம். டெலிவரி ஆகும்வரை அது நாம் கொடுத்த கடன்.

அதனால் பணம் தருவதென்றால் வால்பகுதி கிட்டுக்கு, அதாவது வாலுக்கான உதிரிபாகப் பெட்டிக்கு மட்டும் தாருங்கள். இறக்கை, உடல், ஃபினிஷிங் எல்லாம் தனித்தனி கிட்டாகவே கிடைக்கும். வாலை முடித்த பிறகும் மகனுக்கு ஆசை இருந்தால் அடுத்தது பார்க்கலாம். பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். முழு விமானத்தையும் முடிக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட மணி நேர உழைப்பு வேண்டும். பெட்டி வந்ததும் பட்டியலை வைத்துப் பாகங்களை எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, கிட் விலையில் இன்ஜின், புரொப்பெல்லர், பேனல் கருவிகள் வராது. கிட்டைவிட இவற்றுக்கே அதிகம் ஆகலாம். மகன் சொன்ன தொகையில் இவை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆசைக்காகக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. எனவே கூலிக்கு ஆள் வைத்து முடித்துவிடலாம் என்ற கணக்கு உதவாது. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சோதனைக்கு வருகிறவர் கேட்பார்.

கேள்வி: யாரோ பாதியில் விட்ட விமானக் கிட்டை அமெரிக்காவில் மலிவாக வாங்கி, கப்பலில் சென்னை ஹார்பருக்குக் கொண்டுவரலாமா? ஏமாந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: இறக்கிவிடலாம், பறக்க வைப்பதுதான் பாடு. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் பதிவில்லாமல் இங்கே எதுவும் மேலே எழும்ப முடியாது. மும்பையில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவ், பல வருடம் அலைந்து 2017-ல்தான் பதிவு வாங்கினார். அதுவும் அவர் தொழில்முறை பைலட்.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. தன் பழைய பொருளை விற்கிற தனிநபர் வியாபாரி ஆகமாட்டார், அவர் இருப்பதும் வேறு நாட்டில். வாங்கித்தான் தீருவேன் என்றால், அது மேலே சொன்ன வான்ஸ் கம்பெனி கிட்டாக இருந்தால், அதன் தகடுகள் லேசரில் வெட்டிய காலத்தவையா என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.