கனடாவில் வாங்கும் 4கே டிஸ்க் இங்கே ஓடுமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஆவணியில் வருகிறார். ஆர்தர் சி. கிளார்க்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 4கே டிஸ்க்கையும், புதிதாக வரும் விண்வெளி, மாயாஜாலப் படங்கள் சிலவற்றையும் வாங்கிவரச் சொல்ல நினைக்கிறேன். வீட்டில் 4கே டிவியும் பிஎஸ்4 ப்ரோவும் உண்டு. டவுனில் ஒருவர், “கனடா டிஸ்க் இங்கே ஓடாது, 25,000 ரூபாய் தந்தால் வலயப் பூட்டை உடைத்துத் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

கொடுக்க வேண்டாம், சகோதரி. ஒரு பகுதி நாடுகளில் விற்கும் டிஸ்க் வேறு பகுதிப் பிளேயரில் ஓடாதபடி போடும் தடைதான் வலயப் பூட்டு. 4கே டிஸ்க்குகளுக்கு அது கிடையவே கிடையாது. இல்லாத பூட்டை உடைக்கத்தான் அவர் காசு கேட்கிறார்.

ஆனாலும் உங்கள் பிஎஸ்4 ப்ரோ கன்சோலில் அந்த டிஸ்க் ஓடாது. பிஎஸ்4 ப்ரோ விளையாட்டுகளை 4கேயில் காட்டும். 4கே டிஸ்க்கைப் படிக்காது. 4கேக்கு முந்தைய டிஸ்க் வகையான சாதாரண புளூரேயோடு நின்றுவிடும். எந்த சொஃப்ட்வெயரைப் போட்டாலும் மாறாது. டிஸ்க் போடும் வாய் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், அல்லது தனி 4கே பிளேயர், இவற்றில் ஒன்று வேண்டும். அந்த 25,000த்தை அதற்கு எடுத்து வையுங்கள்.

வலயத் தொல்லை வேறோர் இடத்தில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் 4கே டிஸ்க் பெட்டிகள் பலவற்றுக்குள் சாதாரண புளூரே ஒன்றும் கூடவே வரும். படம் உருவான கதை, பேட்டிகள் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். புளூரேக்கு வலயம் உண்டு: கனடா A, ஐரோப்பாவும் மத்திய கிழக்கும் B, இலங்கை C. இங்கே விற்கும் கன்சோல்களில் துபாய் வழியாக வந்தவையும் உண்டு. நீங்கள் வாங்கப்போவது அப்படி என்றால் அது B. ஆக, ஒரே பெட்டியில் படம் ஓடும், பேட்டி ஓடாது என்ற கூத்தும் நடக்கலாம். எல்லா நிறுவனமும் பூட்டுவதில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் சின்னதாக A, B, C என்று போட்டிருக்கும். மூன்றும் இருந்தால் கவலையில்லை. A மட்டும் இருந்தால், பேட்டிகள் இல்லாமலும் அந்தப் படம் உங்களுக்கு வேண்டுமா என்று யோசித்துவிட்டு அண்ணாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ‘புது வெளியீடு’ என்று முகநூலில் முற்பணம் கேட்பவர்கள். நீங்கள் கேட்கும் படம் 2018இலேயே 4கேயில் வந்துவிட்டது, அதற்கு முன்பதிவு எதற்கு? ‘டிஜிட்டல் கோட் உண்டு’ (படத்தை இணையத்திலும் பார்க்கத் தரும் குறியீடு) என்று கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வட அமெரிக்கப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் துண்டுச் சீட்டு அங்கே உள்ள கணக்குகளுக்குத்தான். இன்னும் மோசம், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ‘4கே’ ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் டிஸ்க். திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது வீட்டில் எரித்த டிவிடி. அதில் பிடிப்பது 4.7 ஜிபி, உண்மையான 4கே டிஸ்க்கில் 50, 66 அல்லது 100 ஜிபி. கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956இல் எழுத்தாளர் கிளார்க் பார்த்த ஊர் இது. அவர் படத்தை இந்த லட்சணத்திலா பார்ப்பது?

அண்ணா பிளேயரும் கொண்டுவருவதானால், கடையிலேயே அதன் பின்புற லேபலைப் படிக்கச் சொல்லுங்கள். ‘100-240வி’ என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ‘120வி’ என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகிய அன்றே புகைந்துவிடும்.

தபாலில் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் பெறுமதி போடும்போது அனுப்பிய செலவையும் சேர்த்துத்தான் கணக்கு. அதன் மேல் 18 சதவீத வற் வரி வேறு. வரியைக் கட்டிவிடலாம், பொதி எங்கே கிடக்கிறது என்று கேட்டால் ஒழுங்கான பதில் வருவதில்லை, அதுதான் எரிச்சல். கிழக்கில் இருப்பவருக்கு ஒரு டிஸ்க்குக்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்றே நினைக்கிறார்கள் போலும். நாலைந்து டிஸ்க்தானே, அண்ணாவின் கைப்பையிலேயே வரட்டும். பில்லையும் கூடவே வைத்திருக்கச் சொல்லுங்கள்.