முதல் டாக்டர் உங்கள் விருப்பம்

தம்பி, நீங்கள் கேட்டவை நான்கு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் பக்கம் வாடகை கட்டுப்படியாகுமா, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது, கார் இல்லாமல் சமாளிக்கலாமா, கடைசியில் போகிற போக்கில் இன்னொன்று: "கிரீன் கார்டில் வந்தவன் நான். அஞ்சல் துறையில் பார்சல் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்திருக்கிறது. வேலையில் அடிபட்டால் எந்த டாக்டரிடம் போவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்று மைத்துனர் சொல்கிறார். உண்மையா?"

வாடகை கட்டுப்படியாகாது. கார் இல்லாமல் முடியாது. கோட்டு, முழங்கால் வரை வருவதாகப் பார்த்து வாங்குங்கள். இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான்காவது கேள்விக்குத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அதற்கான பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முதுகு செலவாயிற்று.

உங்கள் மைத்துனர் பொய் சொல்லவில்லை. தன் கம்பெனியில் பார்த்ததைச் சொல்கிறார். நியூ ஜெர்சி மாநிலச் சட்டப்படி, வேலையில் அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைச் சொல்லும் உரிமை முதலாளிக்குத்தான். ஆனால் மத்திய அரசு ஊழியர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அவருக்கென்று 1916இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது. அதை நடத்துவது மத்தியத் தொழிலாளர் துறை. அஞ்சல் துறையும் அதில் அடக்கம். சேர்ந்து ஒரு வாரம் ஆனவருக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டத்தில் முதல் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது அடிபட்டவரின் உரிமை.

இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. நம்மவர்களிடம் எச்-1பி வேலை விசா பற்றிக் கேளுங்கள், விடிய விடியப் பேசுவார்கள். எந்த வங்கியில் வீட்டுக் கடன் வட்டி கால் சதவீதம் குறைவு என்பதும் அத்துப்படி. மூட்டை தூக்கிப் பிழைக்கிற தமிழனும் இந்த ஊரில் இருக்கிறான் என்பது மட்டும் அவர்கள் கண்ணில் படாது. பொங்கல் விழாவில் "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். "கிடங்கில் வேலை" என்றால், "ஓ, மேனேஜரா?" என்பார்கள். இல்லை என்றதும் சாம்பார் வாளியைத் தேடிப் போய்விடுவார்கள்.

நான் வந்தது 1998 டிசம்பரில். அக்கா எங்களுக்காக மனுப் போட்டுப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு விசா வந்தது. சாத்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், இங்கே பெட்ரோல் பங்கில் நின்றேன். நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தானாகப் பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அந்தச் சட்டத்தால் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். இரும்புக் கைப்பிடி குளிரில் விரலோடு ஒட்டிக்கொள்ளும். குடியுரிமை வந்த பிறகு, 2005இல், மத்திய அரசுக் கிடங்கு ஒன்றில் வேலை. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன், இன்றும் அதன் ஓய்வூதியத்தில்தான் சாப்பிடுகிறேன்.

2006 ஜனவரியில் ஒரு காலை, கைத்தள்ளு வண்டியின் ஒரு சக்கரம் தரைப் பள்ளத்தில் இறங்கியது. மேலே இருந்த பெட்டி சரிந்தது. சரிய விடாமல் பிடிக்கப் போனேன். இடுப்பில் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் ஒரு முறுக்கு. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மன்னிக்க வேண்டும், என் கவனக்குறைவுதான்." நம் வளர்ப்பு அப்படி. இந்தச் சட்டத்தில் யார் கவனக்குறைவு என்ற கேள்வியே கிடையாது. குடித்துவிட்டு விழுந்தாலோ, வேண்டுமென்றே செய்துகொண்டாலோ, தெரிந்தே விதியை மீறினாலோதான் சிக்கல். ஆகவே அடிபட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அவர் ஒரு கிளினிக்கின் முகவரிச் சீட்டை நீட்டினார். "எல்லாரும் இங்கேதான் போவார்கள்" என்றார். போனேன். பார்த்தவர் டாக்டர் அல்ல, டாக்டரின் உதவியாளர். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். இரண்டு நாள் ஓய்வு, பிறகு வழக்கமான வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் இடது கால் மரத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறேன்.

நான் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். விழுந்தது, சுளுக்கியது, பெட்டி மேலே விழுந்தது என்று ஒரே நாளில் நடந்த காயத்துக்குச் சிஏ-1 என்ற படிவம். இப்போது அதை இணையத்தில் போடலாம். 30 நாளுக்குள் போட்டால்தான், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, அதிகபட்சம் 45 நாள், சம்பளம் நிற்காமல் வரும். காலண்டர் நாள், ஞாயிறும் சேர்த்து. அஞ்சல்காரர்களுக்கு மட்டும் முதல் மூன்று நாள் அதில் சேராது. முடக்கம் 14 நாளைத் தாண்டினால் அந்த மூன்றும் திரும்பக் கிடைக்கும். "எதற்குப் படிவம், மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள்ளேன்" என்று யாராவது தோளில் கை போட்டுச் சொல்வார்கள். தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தைப் போடுங்கள். உங்கள் விடுப்பு உங்கள் பெண்ணின் பிரசவத்துக்கு வேண்டும்.

கூடவே சிஏ-16 கேளுங்கள். டாக்டரின் கட்டணத்தை அரசு தரும் என்பதற்கான உத்தரவாதம் அது. நான்கு மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி. அறுபது நாள் வரை செல்லும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதை நம்பினால் போச்சு. அந்தத் தாளில் டாக்டரின் பெயருக்கு ஓர் இடம் இருக்கும். அதில் நீங்கள் சொல்லும் பெயர் வரவேண்டும். வருடக்கணக்கில் தூக்கித் தேய்ந்த மூட்டுவலி வேறு கணக்கு. அதற்குச் சிஏ-2, அதற்கு இந்த உத்தரவாதத் தாள் கிடையாது.

டாக்டரை அடிபடுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். நம் தமிழ் டாக்டர் என்பதற்காக மட்டும் ஓடாதீர்கள். தொலைபேசியில் ஒரே கேள்வி: "மத்திய அரசுத் தொழிலாளர் காயத்துக்குப் பார்ப்பீர்களா?" பலர் மாட்டேன் என்பார்கள். எழுத வேண்டியது அதிகம், வருகிற பணம் மெதுவாக வரும். நம்மவர் ஒருவர், கோயில் திருப்பணிக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பவர், என்னிடம் "உங்கள் சொந்த இன்ஷூரன்ஸில் காட்டிவிடலாமே" என்றார். காட்டியிருந்தால் வேலையில் அடிபட்டது என்பதே காகிதத்தில் இருந்திருக்காது.

கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவரிடம் போனால், எக்ஸ்ரேயில் முதுகெலும்பு விலகியிருப்பது தெரிந்து அதைக் கையால் சரிசெய்வதற்கு மட்டும்தான் பணம் தருவார்கள். அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே, ஊருக்கு வா, புத்தூர்க் கட்டுப் போடலாம் என்றார். அதற்கு எந்தப் படிவமும் இல்லை என்று சொன்னேன், புரியவில்லை.

முதல் தேர்வுதான் உங்களுடையது. பிறகு மாற்ற வேண்டுமானால் காரணம் எழுதித் தொழிலாளர் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்களாக ஒரு டாக்டரிடம் பரிசோதனைக்கு அனுப்பினால் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் பணம் நிற்கும். அவர் வைத்தியம் பார்க்கிறவர் அல்ல, கருத்துச் சொல்கிறவர். இரண்டையும் குழப்பிக்கொண்டு மறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

என் மனுவுக்குத் தொழிலாளர் துறையிடமிருந்து வந்த கடிதத்தில் இரண்டு குறை சொல்லியிருந்தார்கள். அன்றைய விதிப்படி உதவியாளரின் கையெழுத்து டாக்டரின் கையெழுத்து ஆகாது. வேலையால்தான் இந்தக் காயம் என்பதற்குக் காரணம் காட்டப்படவில்லை. பதில் சொல்ல 30 நாள். யூனியனில் ஒரு கறுப்பினத்துப் பெரியவர்தான், என் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராதவர், சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரை மாற்றக் கோரும் கடிதத்தை எழுதவைத்தார். அவர் சொன்ன டாக்டர், தன் வீட்டின் முன் அறையிலேயே நோயாளிகளைப் பார்க்கும் ஒரு கிழவர். அவர் மனைவிதான் வரவேற்பு, கணக்கு, தட்டச்சு எல்லாம்.

கிழவர் முதுகைத் தொடுவதற்கு முன் பெட்டியைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு எடை? எந்தக் கால் முன்னால் இருந்தது? எந்தப் பக்கம் திரும்பினாய்? நாற்காலியைச் சரித்து என்னை நடித்துக் காட்டச் சொன்னார். எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருந்த இடத்தைப் பென்சிலால் காட்டினார். கடிதத்தில் "காரணமாக இருக்கலாம்" என்று அவர் எழுதவில்லை. இருக்கலாம் என்ற சொல்லால் கவிழ்ந்த மனுக்கள் எத்தனையோ. இந்த எடை, இந்தத் திருப்பம், ஆகவே இந்த வட்டு, இந்த நரம்பு என்று பள்ளிக்கூடத்துக் கணக்குபோலப் படிப்படியாக எழுதியிருந்தார். நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். தொழிலாளர் துறையும் போட்டது.

ஒரே ஒரு குறை. நம் பெயரில் முதலெழுத்தாக நிற்கும் அப்பா, இங்கே கடைசிப் பெயராகிவிடுவார் அல்லவா? மூன்று பக்கமும் அப்பா பெயரைச் சொல்லியே அந்த அம்மாள் அடித்திருந்தார். அப்பா பெட்டியைத் தூக்கினார், அப்பாவின் முதுகு முறுக்கியது, அப்பா இனி இருபது பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாது. சாத்தூரைத் தாண்டி மதுரைக்குப் போவதற்கே யோசிக்கிற மனிதர். அன்று இரவு தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அப்படியானால் நாளைக்குத் தண்ணீர்க் குடத்தை உன் அம்மாவையே தூக்கச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.