வில்லன் என்றால் பண்ணையில் உழுதவன்: இங்கிலாந்து மேனர் பற்றிக் கேள்வி பதில்

நான் படித்து வருவது 1200 முதல் 1400 வரையிலான இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி. மேனர் என்றால் ஒரு பிரபுவோ ஒரு மடமோ ஆண்ட பண்ணைக் கிராமம். எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று சேர்த்துக் கேளுங்கள். ஆயிரம் வருட ஐரோப்பாவுக்கு ஒரே பதில் கிடையாது.

கேள்வி: ஒரு குடியானவனின் நாள் எப்படிப் போகும்?

அக்டோபர் மாதம், கோதுமை விதைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு வசதியான குடியானவனிடம் (பிரபுவுக்குக் கட்டுப்பட்ட இவனுக்குத்தான் வில்லன் என்று பெயர்) 30 ஏக்கர் இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் இருக்காது; ஊரின் பெரிய வயல்களில் நீள நீளமான பட்டைகளாகச் சிதறிக் கிடக்கும். மூன்று வயல் உள்ள ஊரில் ஒன்றில் கோதுமை, ஒன்றில் பார்லியும் பட்டாணியும், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் முறை மாறும். கனத்த கலப்பைக்கு எட்டு மாடு வரை வேண்டும். அவ்வளவு மாடு யாரிடமும் இருக்காது, அதனால் பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்துதான் உழவு. இதற்கு நடுவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாத வேலை. தன் கதிர் முற்றி நிற்கும் அதே நாளில்தான் அங்கேயும் அறுப்புக்கு ஆள் கேட்பார்கள்.

வீட்டில் அவன் மனைவிக்குத் தண்ணீர் சுமப்பது, பால் கறப்பது, நூல் நூற்பது என்று வேலை ஓயாது. அடுப்பில் ஒரே பானை. பட்டாணி, முட்டைக்கோஸ், பார்லி, இருந்தால் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு. ஒரு மூட்டை விதைத்தால் மூன்று நான்கு மூட்டைதான் வரும். அதில் ஒன்று விதைக்கு, பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்கு. 1315-ல் விடாமல் மழை பெய்தபோது மக்கள் ஏன் பட்டினியில் செத்தார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

கேள்வி: கல்யாணப் பெண்ணின் முதலிரவு பிரபுவுக்குத்தானாமே?

இல்லை. அப்படி ஒரு சட்டம் இருந்ததற்குச் சான்று கிடையாது. பிரபு வாங்கியது பணம்: மகளைக் கட்டிக்கொடுக்க மெர்ச்செட் என்ற கட்டணம். பிரபுக்கள் பெண்களிடம் அத்துமீறியதே இல்லை என்று சொல்லவில்லை. அது அவர்களுக்கு உரிமையாக இருந்ததில்லை.

கேள்வி: தண்ணீர் அசுத்தம் என்று எல்லோரும் பீர்தான் குடித்தார்களாமே?

தண்ணீரும் குடித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனுக்குக் குழாய் போட்டு ஊற்றுநீர் கொண்டுவந்தார்கள். ஏல் என்ற பீர் தெம்புக்கும் ருசிக்கும். ஊர்ப் பெண்கள் காய்ச்சி விற்றார்கள், தவறாமல் அபராதமும் கட்டினார்கள். அந்த அபராதம் நடைமுறையில் உரிமக் கட்டணம் மாதிரி.

கேள்வி: பிரபுக்கள் என்ன சாப்பிட்டார்கள்?

லெஸ்டர் சீமாட்டி எலினோர் வீட்டின் 1265-ஆம் வருடக் கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது. நோன்புக் காலத்தில் அந்த வீட்டில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ஹெர்ரிங் மீன் செலவாகியிருக்கிறது. வெள்ளை ரொட்டி, திராட்சை மது, மலபாரிலிருந்து போன மிளகு, எல்லாம் பிரபுக்கள் வீட்டில் உண்டு. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் கிடையாது. மூன்றும் 1492-க்குப் பிறகு வந்தவை.

கேள்வி: முதலிரவு விஷயம் படத்தில் காட்டினார்களே?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வில்லன்கள் அடிமைகள்தானே? ஏன் குடியானவன் என்று பூசி மெழுகுகிறீர்கள்?

1086-ல் எடுத்த டூம்ஸ்டே என்ற இங்கிலாந்து நிலக் கணக்கு அடிமைகளைத் தனியாகவும் வில்லன்களைத் தனியாகவும் எண்ணியது. பதிவானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமை. அந்த அடிமை முறை 12-ஆம் நூற்றாண்டில் மறைந்துவிட்டது. வில்லனுக்கு நிலமும் வீடும் உண்டு. தன் பிரபுவைத் தவிர மற்றவர்களிடம் அவன் சுதந்திர மனிதன். பண்ணையைச் சேர்ந்தவன் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மேல்தட்டினர் அதை இகழ்ச்சியாகச் சொல்லிச் சொல்லியே கெட்டவன் என்ற பொருள் ஏறியது. நம் சினிமா வில்லனும் அதே சொல்தான்.

கேள்வி: ஊரைவிட்டுப் போக முடியாதவன் அடிமை இல்லாமல் வேறு என்ன?

உங்கள் கோபம் நியாயமானது. அவன் செத்தால் வீட்டிலிருந்த நல்ல மாட்டை ஹெரியட் என்று பிரபு ஓட்டிக்கொண்டு போவார். துக்க வீட்டில் அது பெரிய அடி. ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்கினால், வில்லன்கள் எதற்காகப் போராடினார்கள் என்பது புரியாமல் போய்விடும்.

கேள்வி: பிரபு மில் கட்டியது உதவிதானே? திருகையில் அரைப்பது எவ்வளவு கஷ்டம்!

மில்லில் மாவு எளிதாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அங்கேதான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் மக்கள் வீட்டில் திருகை வைத்துக்கொள்ளும் உரிமைக்காகவே மடத்தோடு மோதினார்கள். 1330-களில் மடத்தலைவர் ரிச்சர்ட் (வானியல் கடிகாரம் செய்த பெரிய அறிவாளி) திருகைகளைப் பறித்து, அந்தக் கற்களைத் தன் கூடத்துத் தரையில் பதித்துவிட்டார். ஊர்க்காரர்கள் அந்தக் கூடத்துக்குப் போனால் தங்கள் வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். 1381 ஜூனில், குடியானவர்களின் பெரும் கிளர்ச்சி வெடித்தபோது, உள்ளே புகுந்து கற்களைப் பெயர்த்தார்கள். உடைத்து, ஆளுக்கு ஒரு துண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அரைக்க உதவாத துண்டு. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்தும், பாட்டன் வீட்டுக் கல் என்று அவர்களுக்கு நினைவிருந்தது. இதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்போது வருடத்துக்கு 150 நாள்தான் வேலையாமே? ஐடி வேலையைவிட மேல்!

கூலி வேலை நாளையோ பிரபுவுக்குச் செய்த நாளையோ மட்டும் எண்ணினால் சின்ன எண்தான் வரும். ஞாயிற்றுக்கிழமையும் மாட்டுக்குப் பசிக்கும்.

கேள்வி: ஜெர்மனியில் எப்படி?

நூற்றாண்டைச் சொல்லாமல் கேட்கிறீர்கள், என் துறையும் இல்லை. அதைப் படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அந்த வயல்களை இன்று பார்க்க முடியுமா?

நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் போங்கள். அங்கே மூன்று வயல் முறை இன்னும் நடக்கிறது. ஆண்டுக் கடைசியில் ஊர் ஜூரி விதைத்த வயலை நடந்து பார்த்து, எல்லை தாண்டிப் பொதுப்புல்லை உழுதவருக்கு அபராதம் போடுகிறது.