வெளிநாட்டுக்காரர் வீட்டு விருந்தில் தெரியாத உணவை மரியாதையாக மறுப்பது எப்படி?

கொரிய மேலாளர் வீட்டில் சாப்பிட அழைத்திருக்கிறார், பழக்கமில்லாததை வைத்தால் மனம் நோகாமல் எப்படி வேண்டாமென்று சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், அந்தப் பயமும் சேர்ந்திருக்கும். தாராளமாக மறுக்கலாம். ஒரு பண்டத்தைத் தொடாமல் விட்டதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. அதைப் பார்த்ததும் நம் முகம் போகிற போக்குதான் அவர்களை வருத்தும். இதை விருந்தாளியாகவும் பார்த்திருக்கிறேன், விருந்து வைத்த வீட்டுப் பெண்ணாகவும் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் காசிமேட்டுக்காரர்கள். அப்பா கடலுக்குப் போனவர். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைய. எங்கள் மேலாளர் கீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தார். மீனவர் வீட்டுப் பெண் வருகிறாள் என்று விடியற்காலையிலேயே காசிமேட்டுக்கு டிரைவரை அனுப்பி மீன் வாங்கியிருந்தார். எனக்காகவே வாங்கியது. மேஜைக்கு வந்தது மெல்லிசாகச் சீவிய பச்சை மீன். ஹ்வே என்பார்கள், வினிகர் கலந்த மிளகாய் விழுதில் தொட்டுச் சாப்பிடுவது.

எங்கள் வீட்டில் மீன் என்றால் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலச வேண்டும், அப்புறம் குழம்பில் கொதிக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் பொரிய வேண்டும். நாள்கணக்கில் கடலில் கிடந்த அப்பாகூடப் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அத்தனை பாடுபட்டிருக்கும்போது பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எனக்காக வாங்கியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம் சார். பச்சை மீன் நான் சாப்பிட்டதே இல்லை, என்னால் முடியாது. அந்த நெத்திலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். காய்ந்த நெத்திலியைச் சோயா சாஸும் இனிப்பும் சேர்த்து வதக்கி வைத்திருந்தார்கள். அதை ஆசையாகச் சாப்பிட்டேன். அவர் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீவியது போக மிச்சமிருக்கும் தலையையும் முள்ளையும் அவர்கள் வீணாக்குவதில்லை. முள்ளங்கியும் மிளகாய்த்தூளும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைக்கிறார்கள், மேவுன்தாங் என்று பெயர். புளியில்லை, ஆனாலும் நம் நாக்குக்கு நன்றாகப் பிடிக்கும். நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதன்பிறகு பச்சை மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் இவ்வளவு கவனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம் கூட வேலை பார்க்கிற ஒருவர் பார்க்க வந்தார். பால் கொடுக்கிறவளுக்கு என்று அம்மா சுறாப்புட்டு செய்திருந்தார். வந்தவர் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார், தண்ணீர்கூட வாங்கவில்லை. எங்கள் தெருவில் கருவாடு காயும், வலை காயும், வாசம் இருக்கத்தான் செய்யும். அவர் போனபிறகு அம்மா நல்ல தம்ளரைத் திரும்ப அலமாரியில் வைத்ததை நான் மறக்கவில்லை. சைவக்காரர்களைத் திட்டுகிறேன் என்று யாராவது கிளம்ப வேண்டாம். என் மயிலாப்பூர் தோழி சுத்த சைவம். "ஆன்ட்டி, நான் மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன், ரசமும் அப்பளமும் போதும்" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டாள். அம்மா அவளுக்காகத் தனிப் பாத்திரத்தில் ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வறுத்துப் போட்டார். இன்றும் "அந்தப் பொண்ணு எப்பம்மா வரும்?" என்று கேட்கிறார்.

இதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். சமைப்போம் என்றதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாம். மறுநாளும் அதே வீட்டில் டூலெட் போர்டு தொங்குகிறது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் நேரடியாகச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் சாப்பாட்டைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இது ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிடாதது எது என்று இன்றைக்கே மேலாளருக்கு மெசேஜ் போடுங்கள், அவர்கள் கடைக்குப் போவதற்குள் தெரிய வேண்டும். "சைவம்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. கிம்சி என்கிற அவர்கள் முட்டைக்கோஸ் ஊறுகாயில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேர்ந்திருக்கும், சோயா விழுதுக் குழம்பைக்கூட நெத்திலி வேகவைத்த தண்ணீரில் வைப்பது உண்டு. மீன், இறால், கறி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் கூச்சமே வேண்டாம், அது உயிர் சம்பந்தப்பட்டது.

மேஜையில் வயதில் மூத்தவர் கரண்டியை எடுக்கட்டும், பிறகு தொடங்குங்கள். எதை நீட்டினாலும் இரண்டு கையால் வாங்குங்கள். நம் வீட்டில் இலைக்கு மேல் கையை நீட்டி மறைப்போமே, அது அங்கே புரியாது, வாய்விட்டுச் சொல்லுங்கள். மது வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்வதற்குள் ஊற்றிவிட்டால் கோப்பையை அப்படியே நிறைந்தபடி விட்டுவிடுங்கள். காலியான கோப்பையில்தான் மறுபடி ஊற்றுவது அவர்கள் வழக்கம்.