சாயமில்லாத தேத்தண்ணி

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கதிர்காமம் போய்விட்டுக் கடலோரமாகவே திரும்பினோம். இரவுச் சாப்பாட்டுக்குக் காலியில் ஒரு சைனீஸ் ரெஸ்டூரண்டுக்குப் போனோம். வானில் வந்தவர்கள் பதினொரு பேர். சாப்பாட்டுக்கு முன் சின்னக் கிண்ணங்களில் தேத்தண்ணி வைத்தார்கள். என் அம்மா முப்பத்தாறு வருசம் கொழுந்து பறித்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சாயமே இல்லையே" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். வெயிட்டரிடம் கேட்டுச் சீனி வாங்கிப் போட்டார். அப்புறம் ஃப்ரைட் ரைஸைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அம்மாவின் கையில் கரண்டியைத் திணித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஒரு வாய்கூட சாப்பிடவில்லை. இரண்டு மாதமாக இது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. நான் செய்தது பிழையா?
வாசகி, பொகவந்தலாவை

பதில்: பிழைதான், தங்கச்சி. அது உங்களுக்கே தெரிந்ததால்தான் இரண்டு மாதம் கழித்தும் எழுதுகிறீர்கள். அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது கூடவே இன்னும் சில விசயங்களையும் சொல்லுங்கள். அதற்காகத்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாக வருகிறது.

பதினேழு வயதில் தோட்டத்தை விட்டு இறங்கிக் கொழும்பில் ஒரு சைனீஸ் ரெஸ்டூரண்ட் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன். 1986ஆம் வருசம். முதல் எட்டு மாதம் வெங்காயம் உரிப்பது மட்டும்தான் வேலை. முதலாளி இந்த நாட்டிலேயே பிறந்த சீனப் பெரியவர். அவருடைய அப்பா சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர். இரவு பதினொரு மணிக்குக் கடை மூடியதும் பெரியவர் பின்கதவுப் படியில் உட்கார்ந்து, சோற்றில் கருவாடும் தேங்காய்ச் சம்பலும் போட்டுக் கையால் பிசைந்து சாப்பிடுவார். விரல் நுனி மட்டும்தான் நனையும், உள்ளங்கையில் ஒரு பருக்கை இருக்காது. கரண்டியும் முள்ளும் வெளி மேசைக்குத்தான்.

உங்கள் அம்மா குடித்தது பெரும்பாலும் மல்லிகை வாசம் ஏற்றிய பச்சைத் தேயிலையாக இருக்கும். நம் ஃபெக்டரியில் கொழுந்தை வாட்டி, ரோதையில் அரைத்து, புளிக்க வைக்கிறார்கள். சாயம் இறங்குவது அந்தப் புளிப்பில்தான். பச்சைத் தேயிலையைப் பறித்த கையோடு சூடு காட்டிவிடுவார்கள், அதனால் புளிக்காது, நிறமும் வராது. ஆகவே "சாயமே இல்லையே" என்று சொன்னது தொழில் தெரிந்தவருடைய பேச்சு. முப்பத்தாறு வருசம் இலையோடு பழகிய நாக்கு ஒரே வாயில் கண்டுபிடித்ததைச் சிரித்தவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. சீனாவிலிருந்து தேயிலைச் செடி பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது 1824இல். கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். தேத்தண்ணி என்கிறோமே, அந்த 'தே'யும் சீனாவின் ஃபூஜியன் கரையோரத்துச் சொல். அதற்குள் அம்மா போட்ட சீனியின் பெயரிலும் சீனம்தான் இருக்கிறது.

நீங்கள் சாப்பிட்ட அதே காலியில் 1911இல் ஒரு கல் கிடைத்தது. கால்வாய் ஒன்றுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. சீனக் கப்பல் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் அது, 1409ஆம் ஆண்டு பொறித்தது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற கடவுளுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தென்னாவரம் என்பது மாத்தறைக்குப் பக்கத்துத் தெவிநுவர, உங்கள் வான் கதிர்காமத்திலிருந்து அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கும். கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த முறை கொழும்புக்குப் போனால் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் இரவு அந்தப் படியில் வைத்துப் பெரியவர் என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "உன்னிடம் அடையாள அட்டை இருக்கிறதா?" இல்லை என்றேன். தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரிடமும் எந்த நாட்டுக் கடதாசியும் இருந்ததில்லை. பெரியவர் தலையாட்டினார். "என்னிடமும் இல்லை" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. கடை முதலாளி, மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர், அவருக்கும் நாடில்லை. தட்டில் இருந்த கருவாட்டில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். நம்மில் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் 2003இல் வந்தது. சீன வம்சாவளியினருக்கு 2008இல். அதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த மாதிரிக் குடும்பங்கள் இங்குள்ள நாக்குக்கு ஏற்றபடி உறைப்புக் கூட்டி வளர்த்த சாப்பாடுதான் உங்கள் மேசைக்கு வந்தது. அதைக் கையால் சாப்பிட அம்மாவுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சைனீஸ் கடையில் 'வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ்' சொன்னால் நம்பிச் சாப்பிடலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஓயிஸ்டர் சோஸ் சிப்பியில் செய்வது, கங்குனிலும் மரக்கறிப் பிரட்டலிலும் கேட்காமலே ஊற்றுவார்கள். மேசையில் வைக்கும் மிளகாய்ப் பேஸ்டில் பெரும்பாலும் காய்ந்த கூனி இறால் இருக்கும். முட்டையும் போடுவார்கள். ஓடர் எடுக்க வரும்போதே இந்த மூன்றும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், தாச்சியைக் கழுவிவிட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமில்லாத நேரமென்றால் செய்து கொடுப்பார்கள்.

கேள்வி: அஜினோமோட்டோ சீனர்கள் கண்டுபிடித்த விசமா?
மாணவன், மஸ்கெலியா

பதில்: தம்பி, கண்டுபிடித்தவர் ஜப்பானியர், இகேதா என்ற பேராசிரியர், 1908இல், கடற்பாசிச் சாற்றிலிருந்து. விசமில்லை. அதற்கு ருசி தருவது குளுட்டமேட், தக்காளியிலும் அதேதான் இருக்கிறது. அஜினோமோட்டோவிலும் சோடியம் இருப்பதால், போட்டால் உப்பைக் குறைக்க வேண்டும். என் கடையில் போடுவதில்லை. நல்ல எலும்புச் சாறு இருந்தால் தேவைப்படாது.

கேள்வி: நீர்கொழும்பில் சாப்பிட்ட ஹொட் பட்டர் கணவாயை வீட்டில் செய்தேன். ரப்பர் மாதிரி வந்தது. எங்கே பிழை?
வாசகி, ஹட்டன்

பதில்: இந்தக் கறியைச் சீனாவில் தேடினால் கிடைக்காது அம்மா, இது இலங்கைச் சைனீஸ் குசினியில் பிறந்தது. ரப்பராவதற்குக் காரணம் அதிக நேரம் வேக விடுவது. கணவாய்க்கு எண்ணெயில் இரண்டு நிமிசம் தாராளம்.

அரைக் கிலோ கணவாயின் தோலை உரித்து, உள்பக்கம் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, விரல் அகலத்தில் வெட்டுங்கள். வெட்டியதைத் துணியில் போட்டு நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் வெடிக்கும், மாவும் கழன்று போகும். என் இடது கையில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. உப்பு, மிளகு, ஒரு முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பிசறி, கோன்பிளவர் மூன்று பங்கு, கோதுமை மா ஒரு பங்கு கலந்து புரட்டுங்கள். எண்ணெய் நன்றாகக் கொதித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் ஆறி, கணவாய் தண்ணீர் விட்டு வேகும். நீங்கள் செய்தது அதுவாகத்தான் இருக்கும்.

வேறு தாச்சியில் 50 கிராம் பட்டர், நசுக்கிய உள்ளிப்பூண்டு, கறிமிளகாய், ஒன்றிரண்டாக இடித்த செத்தல் மிளகாய், கடைசியில் வெங்காயத்தாள். பொரித்ததைப் போட்டு நாலு புரட்டு, அவ்வளவுதான். கணவாய் கிடைக்காத நாளில் சிப்பிக் காளானில் இதேபோல் செய்யலாம், என் கடையில் அதுதான் அதிகம் போகிறது. எதில் செய்தாலும், எல்லோரும் கை கழுவி உட்கார்ந்த பிறகு எண்ணெயில் போடுங்கள்.